தாத்தாவின் துப்பாக்கியும் அப்பத்தாவின் அரிசிப் பானையும்

பி.எஸ்.ஏ என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு லேடிபேர்டு சைக்கிள். அப்பாவுக்கு எஸ்.எல்.ஆர் சைக்கிள். அந்த மூன்றெழுத்தின் விரிவு ‘பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்’. 1861-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் துப்பாக்கி செய்பவர்கள் கூடித் தொடங்கிய கம்பெனி அது. சைக்கிளெல்லாம் பிறகு வந்தது. இந்த விஷயம் போன வருஷம் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அந்தக் கம்பெனியின் ரைஃபிள் ஒன்று போடியில் தாத்தா வீட்டு மர பீரோவுக்குள் மூன்று தலைமுறையாக இருந்தது.

தாத்தா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே அந்தப் பேச்சு வந்துவிட்டது. லைசென்ஸ் தாத்தா பெயரில். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வீட்டில் ஆயுதத்தை வைத்திருக்க முடியாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு வாரிசு யாராவது தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம், அல்லது மொத்தமாக சரண்டர் செய்துவிடலாம். அப்பா, ‘சரண்டர்’ என்றார். சித்தப்பா, ‘அது குடும்பச் சொத்து’ என்றார். அப்பத்தா எதுவும் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் தகவல் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொண்டு, மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனோம். நானும் ஒட்டிக்கொண்டேன். வைரலாகும் போட்டோ உண்மையா, பழசா, எங்கே எடுத்தது என்று கண்டுபிடிப்பதுதான் ஆபீஸில் என் வேலை. சித்தப்பா பல வருஷமாகச் சொல்லிவந்த ‘இது 1857 சிப்பாய்க் கலகத்துல இருந்த துப்பாக்கி, துரை ஒருத்தர் நம்ம குடும்பத்துக்குப் பரிசா கொடுத்தது’ கதையையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று ஆசை.

கடையில் ரிப்பேர் பார்க்கும் பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். கதையை முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கலகத்துல இருந்த என்ஃபீல்டுக்கு முன்பக்கமா மருந்தைக் கொட்டி, குண்டை இடிக்கணும்மா. இதுக்குப் பின்னாடி போல்ட் இருக்கு பாரு” என்றார். முதல் பத்து விநாடியிலேயே 1857 காலி.

அடுத்து ஒரு லென்ஸை எடுத்தார். பழைய துப்பாக்கியை அடையாளம் காண்பது ஏறக்குறைய நாணயம் பார்ப்பதைப் போலத்தான். எங்கே எந்த முத்திரை குத்துவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று துப்பாக்கிகளைக் கூம்பு மாதிரி சாய்த்து நிறுத்திய சின்னச் சித்திரம் தெரிந்தது. அது பி.எஸ்.ஏ-வின் முத்திரை. குழாயின் அடிப்பக்கத்தில் கிரீடம், அதன் கீழே ‘பி.வி’, ‘பி.பி’, ‘என்.பி’ என்று பொடி எழுத்துகள். புதுத் துப்பாக்கியில் வழக்கத்தைவிட வீரியமான தோட்டாவைப் போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால் மட்டும் பர்மிங்காம் சோதனைச் சாலையில் குத்திய அடையாளங்கள் அவை. இந்த வகை முத்திரைகள் 1904-ல் தொடங்கி, ஐம்பதுகள் வரை புழக்கத்தில் இருந்தவை. ஆக, தாத்தாவின் அப்பா காலத்துப் பொருள். குழாயின் மேலே கடைப் பெயர் ஒன்று தேய்ந்து ‘மெட்ராஸ்’ மட்டும் மிச்சமிருந்தது. துரை கொடுத்தாரோ இல்லையோ, யாரோ மெட்ராஸில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்!

எனக்கு இன்னும் பிடித்த விஷயம், குழாயில் பொறித்திருந்த .315 என்ற எண். பார்வைக்கு இது போலீஸ்காரர்கள் கையில் நாம் பார்த்த .303 ரைஃபிளின் தம்பிதான். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வடிவமைத்த அதே போல்ட் அமைப்பு. ஆனால், ராணுவம் பயன்படுத்தும் .303 தோட்டாவில் இயங்கும் துப்பாக்கியை இந்தியாவில் சாதாரண ஜனங்கள் வைத்துக்கொள்ள ஆங்கிலேய அரசு தடை போட்டிருந்தது. தோட்டா திருடு போய் எங்கே போகுமோ என்ற பயம். அதனால் பி.எஸ்.ஏ ஒரு வழி செய்தது. அதே ரைஃபிளுக்கு வேறு அளவில் குழாய் மாட்டி, ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்கும்படி மாற்றி, இந்தியாவில் விற்றது. துரைமார்கள் தங்கள் குடிமக்களைப் பார்த்துப் பயந்ததற்கு அத்தாட்சி எங்கள் பீரோவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு, மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் இதே .315 ரகம் தயாரானது. பழைய .303-யோ போலீஸில் வெகுகாலம் நீடித்தது. உத்தரப்பிரதேச போலீஸ் அதற்கு விடைகொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான்.

(இன்னொரு கொசுறு: ‘என்ஃபீல்டு’ என்பது லண்டனுக்கு வடக்கே அரசுத் துப்பாக்கி ஆலை இருந்த ஊர். அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த கம்பெனிதான் பிறகு ராயல் என்ஃபீல்டு. திருவொற்றியூரில் தயாரான புல்லட்டுக்கும் எங்கள் பீரோவுக்கும் தூரத்துச் சொந்தம்!)

பெரியவர் குழாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினார். பாலத்தின் கீழே பாசி படிந்த சுவர் மாதிரி, உள்ளே முழுக்கப் பொடிப் பொடிப் பள்ளங்கள். அந்தக் காலத் தோட்டாக்களின் தீப்பொறி மருந்தில் ஒருவகை உப்பு மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டால் போதாது. சுட்டு முடித்ததும் கொதிக்கிற தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றி, உப்பைக் கரைத்து, துடைத்து, பிறகுதான் எண்ணெய். “கடைசியா சுட்டவங்க சுடுதண்ணி ஊத்தலை” என்றார். தாத்தா சுட்டதே கிடையாது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. வேட்டையெல்லாம் அவருடைய அப்பாவோடு முடிந்துவிட்டது.

வெளியே, போல்ட்டுக்குப் பக்கத்தில், எட்டணா அளவில் வட்டமாக ஒரு துருக் கறை. பெரியவர் அதை விரலால் தடவி, “சந்தனம் வெப்பீங்களோ?” என்றார். அப்பா தலையாட்டினார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பத்தா சந்தனம் குழைத்து அதே இடத்தில் வைப்பார். தாத்தா துடைக்க விடமாட்டார். ஐம்பது வருஷத்து ஈரம், இரும்பில் பொட்டாகவே பதிந்துவிட்டது.

அதைத் தேய்த்து எடுத்துவிடலாமா என்று சித்தப்பா கேட்டதற்குத்தான் பெரியவருக்குக் கோபம் வந்தது. பழைய துப்பாக்கியைக் கெடுப்பது துருவைவிட உப்புத்தாள்தானாம். பளபளவென்று தேய்த்தால் முத்திரைகள் போய்விடும். முத்திரை போனால் அது வெறும் இரும்பு. எண்ணெயில் ஊறவிட்டு, செம்புக் காசால் மெல்லச் சுரண்டினாலே மேல்துரு உதிரும். வால்நட் மரக் கட்டைக்கு வார்னிஷ் கூடாது, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்துச் சூடேற்ற வேண்டும். இதையெல்லாம்கூட லைசென்ஸ் உள்ள கடையில்தான் செய்யலாம். தெருமுனை லேத்துப் பட்டறையில் கொடுத்தால் பட்டறைக்காரருக்கும் கேஸ், நமக்கும் கேஸ்.

கடைசியாக போல்ட்டைக் கழற்றி, அதன் பிடியில் இருந்த எண்ணையும் ரைஃபிளில் இருந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே எண். “நூறு துப்பாக்கி வந்தா பாதிக்கு போல்ட் மாறித்தான் இருக்கும். உங்க வீட்டுல பத்திரமா வெச்சிருந்திருக்காங்க” என்றார்.

அன்று ராத்திரி போடியில் சாப்பிடும்போது இதை அப்பத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தோசையைத் திருப்பிக்கொண்டே, “பத்திரமா வெச்சது நானுத்தா. அரிசிப் பானைக்குள்ள” என்றார்.

ஏலக்காய் விலை விழுந்த ஒரு வருஷம். கடன்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்த வருஷம். தாத்தா யாரோடும் பேசாமல், ராத்திரியில் பீரோவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாராம். ரைஃபிளைத் துடைக்கிறதைப் பார்த்துப் பார்த்து, எந்தத் துண்டு இல்லாவிட்டால் அது வேலை செய்யாது என்று அப்பத்தாவுக்குத் தெரியும். ஒருநாள் அவர் குளிக்கப்போன நேரத்தில் போல்ட்டைக் கழற்றி, துணியில் சுற்றி, அரிசிக்கு அடியில் புதைத்துவிட்டார். “பதினோரு நாளு. அவரு கேக்கவே இல்ல. நானும் சொல்லல. பன்னெண்டாம் நாளு தோட்டத்துக்குக் கெளம்பிப் போனாரு. எடுத்து மாட்டிட்டேன்.”

அப்பா கையைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இது புதுச் செய்தி.

அதுவரை நான் சித்தப்பா கட்சி. முத்திரையெல்லாம் பார்த்த பிறகு அந்தப் பொருள்மேல் எனக்கு ஒரு மயக்கமே வந்திருந்தது. வெளிநாடுகளில் ஒரே ரைஃபிளின் பத்து மாடலைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இங்கே 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அதே கணக்கு. சரி செய்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. எங்களுடையது அந்த வகையில்லை. குழாய் கெட்டிருந்தாலும் அது இன்னமும் சுடும்.

வாரிசு மாற்றத்துக்கு மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்து கேட்டார்கள். அப்பத்தா போடவில்லை. “சின்னவனுக்கும் தோட்டம் இருக்கு, கடன் இருக்கு. எனக்கு எண்பது வயசாச்சு. அவன் பொண்டாட்டிக்கு அதைக் கழட்டத் தெரியாது” என்றார். அதற்கு மேல் யாரும் வாதம் செய்யவில்லை.

சரண்டர் மனு கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்து தாத்தா வாங்கிய ரசீதுகள் ஒரு கட்டு, லைசென்ஸ் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்தோம். முத்திரைகளை மட்டும் பெரியவரின் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாக போட்டோ எடுத்துக்கொண்டேன், சந்தனக் கறையையும் சேர்த்து. சித்தப்பா இன்னும் அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை. ரைஃபிளின் கட்டைக்குள் இருந்த பித்தளை எண்ணெய்க் குப்பி, அப்பத்தாவின் தையல் மெஷின் டிராயரில் கிடக்கிறது. அது அங்கே போய் முப்பது வருஷம் ஆகிறதாம்.