தள்ளுபடி

தீபாவளி நெருங்கிவிட்டால் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் யாரும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. 'தள்ளுபடி' என்று எழுதிய துணிகள் வழியெல்லாம் தொங்கி நெற்றியில் இடிக்கும். ஜவுளிக்கடையில் தள்ளுபடி, பாத்திரக்கடையில் தள்ளுபடி, மூக்குக்கண்ணாடிக் கடையிலும் தள்ளுபடி. 2025-ஆம் ஆண்டில் இந்தக் கூட்டத்தில் சைக்கிள் கடையும் சேர்ந்துகொண்டது. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. சைக்கிள் மீதிருந்த சரக்கு, சேவை வரி செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருந்தது. வரி குறைந்தது என்னும் செய்தியை நாம் நம் ஆயுளில் அதிக தடவை கேட்டவர்கள் அல்ல. ஆகவே அந்தக் கடை வாசலில் சற்று நின்று பார்த்துவிட்டு வந்தோம். பார்த்ததை வீட்டில் வந்து சொன்னதுதான் நாம் செய்த பிழை.

"அப்படியானால் இப்போதே எனக்கு ஒரு ரோடு பைக் வாங்கிவிடலாம், அப்பா!" என்றாள் நம் குமாரி.

பைக் என்றதும் மோட்டார் சைக்கிள் என்று எண்ணி நம் அடிவயிறு கலங்கிற்று. பிறகு அவள் விளக்கினாள். மிதித்து ஓட்டும் சைக்கிள்தானாம். ஆனால் மெல்லிய டயர், ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல வளைந்த ஹாண்டில்பார், இருபுறமும் கியர், மொத்தக் கனம் பத்துப் பதினொரு கிலோ. நம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் தகப்பனார் காலத்து ஹெர்க்குலிஸ் இருபது கிலோவுக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபர்களும் பெண்களும் இத்தகைய சைக்கிள்களில் குனிந்தபடி விரைவதை சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் நாமும் கண்டதுண்டு. எதையோ கீழே தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்றே அதுவரை எண்ணியிருந்தோம்.

"இதில் ஏறி எங்கே போகப் போகிறாய்?"

"வெள்ளிமலைக்கு."

கல்வராயன் மலையை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊருக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அது நீண்டு கிடக்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பிரிவுகள். அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்துக்கும் அவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வெகு காலம் ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. கச்சிராயபாளையம் வரையில் கரும்பு வயல்களுக்கு நடுவே சமதளமான சாலை. அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் ஆலை ஓடும் காலத்தில் கரும்பு டிராக்டர்களுக்கு வழி விட்டே பொழுது போய்விடும். கோமுகி அணையைத் தாண்டியதும் தரை மெல்லத் தலை தூக்கும். பிறகு கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸிலேயே ஏறும்போது முன் சீட்டைப் பற்றிக்கொள்ளும் பேர்வழி நாம்.

"ஒரு பெண் தனியாக, அவ்வளவு தூரம்..." என்று ஆரம்பித்தோம்.

அவள் கோபிக்கவில்லை. "அத்தையைக் கேட்கட்டுமா?" என்று மட்டும் சொன்னாள். நாம் வாயை மூடிக்கொண்டோம்.

அதன் காரணத்தைச் சொல்ல நமக்கு விருப்பமில்லை; ஆயினும் சொல்லாமல் மேலே போக இயலாது. 1978-ல் நம் தெருமுனையில் வாடகைச் சைக்கிள் கடை ஒன்று இருந்தது. மணிக்கு நாலணா. சிறுவர்கள் எல்லோரும் குரங்குப் பெடல் போட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டது அந்தக் கடையின் உபயத்தில்தான். பன்னிரண்டு வயதான நம் தங்கை, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காசு சேர்த்து, கோயில் பின்புறத்து மைதானத்தில் மூன்று நாள் இரகசியமாகச் சைக்கிள் பழகினாள். மூன்றாம் நாள் அவள் விழாமல் ஒரு முழுச் சுற்று வந்தாள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்த் தகப்பனாரிடம் சொன்னவன் ஒருவன் உண்டு. பதினைந்து வயது அண்ணன். இந்தக் கட்டுரையை எழுதுகிறவன். தகப்பனார் அடிக்கவில்லை, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார், அவ்வளவே. அதன்பின் அவளுக்கு யாரும் வாடகைக்குச் சைக்கிள் கொடுக்கவில்லை. தங்கை இதுவரை நம்மிடம் அதைப்பற்றிப் பேசியதில்லை. ஆனால் நம் குமாரியிடம் என்றோ பேசியிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்காலத்துக் கள்ளக்குறிச்சி தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. பிறகு விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்து தானே ஒரு ஜில்லாத் தலைநகர். ஊர் வளர்ந்த வேகத்தில் மனிதர் மனம் வளர்ந்ததா என்று கேட்பவர்களுக்குச் சைக்கிளையே அளவுகோலாகக் காட்டலாம். 1991–92-ல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும் கூலி வேலை செய்பவர்களும் ஆயிரக்கணக்கில் ஏறி ஓட்டினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போகவே, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்களாம். 2001–02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம் சில வருஷங்களில் சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் எல்லாருக்கும் உரியதாயிற்று. இன்று பள்ளிக்கூட மணி அடித்ததும் வரிசையாக வரும் பெண்களின் சைக்கிள்களைக் கண்டு எவரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. நம் குமாரியும் அப்படி ஒன்றில் போய்ப் படித்தவள்தான்.

நிற்க. முதல் வருஷச் சம்பளத்தில் அவள் ஒதுக்கி வைத்திருந்தது 30,000 ரூபாய். அதை எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். வாசலில் நீல வர்ணத்தில் ஒரு ரோடு பைக் மாலை போட்டுக்கொண்டு நின்றது. சென்ற வருஷத்துச் சரக்கு, விலை 27,900. தண்ணீர்ப் புட்டி மாட்டும் கம்பியும் பூட்டும் இனாம். நம் மனத்தில் உடனே கணக்கு ஓடிற்று: கையில் 2,100 ரூபாய் மிஞ்சும்!

"இதைக் கட்டிவிடுங்கள்" என்றோம், ஏதோ புடைவை வாங்குவது போல.

கடைக்காரர் நம்மைப் பார்க்கவில்லை. நம் குமாரியைப் பார்த்தார். "பாப்பா, இதன் பாருக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நில்லு" என்றார். அவள் நின்றாள், குதிகால் தரையில் படவில்லை. "ஏறி உட்கார்ந்து பிரேக்கைப் பிடி" என்றார். அவள் முன்னே சரிந்து, கையை முழுக்க நீட்டி, விரல் நுனியால் பிரேக்கைத் தொட்டாள்.

"ஐயா, இது 56 அளவு. ஆறடி ஆளுக்கு உரியது. அதனால்தான் ஒரு வருஷமாக நிற்கிறது; அதனால்தான் தள்ளுபடி. பாப்பாவுக்கு 48 வேண்டும். சேலத்திலிருந்து வரவழைக்கிறேன். 33,600 ஆகும். வரி குறைவதற்கு முன்னே 35,840 ஆகியிருக்கும். அதற்கு மேல் ஒரு காசும் நான் குறைப்பதற்கில்லை."

வியாபாரிகளின் சாமர்த்தியத்தைப்பற்றி நமக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. மலிவானது பொருந்தாது என்று சொல்லி விலை உயர்ந்ததைத் தலையில் கட்டுவது பழைய வித்தை அல்லவா? "இதே 48 அளவு கம்ப்யூட்டர் கடையில் 31,200-க்குக் கிடைக்கிறது" என்று அவரை மடக்கினோம். குமாரி செல்போனில் காட்டியதைத்தான் சொன்னோம்.

அவர் மறுக்கவில்லை. "கிடைக்கும் ஐயா. பெட்டியில் பாதி பிரித்தபடி வரும். ஹாண்டில்பாரை நீங்களே முடுக்க வேண்டும், சக்கரத்தில் கோட்டம் இருந்தால் நீங்களே எடுக்க வேண்டும், பிரேக்கையும் நீங்களே சரி பார்க்க வேண்டும். பாப்பா எங்கே போகப் போகிறது?" என்று கேட்டார்.

"வெள்ளிமலைக்கு" என்றாள் அவள்.

"ஏறுவதற்குக் கால் போதும். இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். வளைவில் விரல் எட்டாத பிரேக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

இதைக் கேட்டபின் நீல சைக்கிளின் மாலை நமக்கு வேறுவிதமாகத் தோன்றலாயிற்று.

கியர் விஷயத்தையும் அவர் நமக்குப் பாடம் நடத்தினார். வாசகர்களுக்கும் அது உபயோகப்படும். நம் ஹெர்க்குலிஸில் பெடல் பக்கத்துச் சக்கரத்துக்கு 44 பல், பின்பக்கத்துக்கு 18 பல். ஒரு தடவை பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் முன்னேறும். சமதரையில் இது ஆனந்தம். மலையிலோ ஒவ்வொரு மிதியிலும் ஐந்தரை மீட்டர் தூரத்துக்கு உடம்பையும் வண்டியையும் தூக்கியாக வேண்டும். புது சைக்கிளில் மிக இலகுவான கியருக்கு முன்னே 34 பல், பின்னே 32. ஒரு மிதிக்கு இரண்டே கால் மீட்டர்கூட முழுதாக இல்லை. மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும். மலைமேல் உள்ள பள்ளிக் குழந்தைகள் கியர் இல்லாத சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு நடப்பதை நாம் பஸ்ஸிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அதைச் சோம்பல் என்று எண்ணியதும் உண்டு. பல்லை எண்ணிப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை வாபஸ் வாங்கிக்கொண்டோம்.

சுதேசி மனிதராகிய நாம் கடைசியாக ஓர் அஸ்திரம் பிரயோகித்தோம்: "இந்த கியர் எல்லாம் நம் தேசத்தில் செய்ததுதானா?" ஃப்ரேம் நம் நாட்டுக் கம்பெனியுடையது, கியர் ஜப்பான் தேசத்து ஷிமானோ என்றார். 1921-ல் சக்காய் நகரத்தில் ஒரு சிறு இரும்புப் பட்டறையாகத் தொடங்கிய கம்பெனி அது. நமக்குச் சிறிது வருத்தந்தான். இங்கே ஓடிய ராலேயும் ஹெர்க்குலிஸும் ஒரு காலத்தில் நாட்டிங்காமிலிருந்தும் பர்மிங்காமிலிருந்தும் கப்பலேறி வந்தவை. 1949-ல் முருகப்பா குடும்பத்தார் ஆங்கிலேயக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்க்குலிஸைச் செய்யலானார்கள். 1956-ல் லூதியானாவில் பிறந்த ஹீரோ, முப்பதே வருஷத்தில், 1986-ல், உலகிலேயே அதிகமாகச் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிற்று. இவ்வளவும் செய்தவர்களுக்கு ஒரு நல்ல கியர் செய்வதா பிரமாதம்? இந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை என்பதால் கேட்கவில்லை.

மீதம் 3,600 ரூபாய்க்கு என்ன செய்வது? நாம் கொடுப்பதாகச் சொன்னோம், குமாரி வேண்டாமென்றாள். தீபாவளிக்கு சின்னசேலத்திலிருந்து வந்த தங்கை, பலகாரத் தூக்கைக் கீழே வைத்ததும் வைக்காததுமாக ஒரு கவரை அவள் கையில் கொடுத்தாள். "இது அத்தை சீர். அண்ணா, நீங்கள் கணக்குக் கேட்கக் கூடாது" என்றாள். நாம் கணக்குக் கேட்கவில்லை. வேறு ஒன்று சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அதிரசம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டாள்.

பத்து நாளில் 48 அளவு சைக்கிள் வந்தது. மலைச்சாலையில் அங்கங்கே தார் பெயர்ந்திருக்கும் என்பதற்காக, கடைக்காரர் சற்று அகலமான டயரைப் போட்டார். கடைசியில் ஒரு காகிதத்தில் சுண்டுவிரல் நகமளவு பித்தளைத் திருகு ஒன்றை மடித்துக் கொடுத்தார். இந்தச் சைக்கிளின் வால்வு நீண்டு மெலிந்த வேறு ஜாதி. ரப்பர் வால்வு டியூப் போட்ட நம் பழைய வால்வும் அல்ல, மோட்டார் சைக்கிள் வால்வும் அல்ல. எந்தப் பஞ்சர் கடைப் பம்பும் இதில் பொருந்தாது. இந்தத் திருகை மாட்டினால்தான் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு சேரும். "இதற்கு எவ்வளவு?" என்றோம். "இதுதான் ஐயா என் தள்ளுபடி" என்றார்.

மழை விட்டு, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டு விலகுமுன் அவள் புறப்பட்டாள். அன்று காலை நாம் படித்த பத்திரிகையில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்பதரை மணிக்கு வெள்ளிமலையிலிருந்து போன் வந்தது. பன்னிரண்டு மணிக்கு வரவேண்டியவள் வரவில்லை. ஒன்றரை மணிக்கு, கை முழுக்கக் கறையோடு, சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். இறங்கி வரும்போது கச்சிராயபாளையத்தருகே முள் குத்திவிட்டது. பஞ்சர் ஒட்டியவர் வால்வைப் பார்த்துக் கையை விரிக்க, இவள் காகிதத்திலிருந்து பித்தளைத் திருகை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் காற்றடித்துக் கொடுத்தாராம்.

தங்கை அன்று காலை முதல் பஸ்ஸிலேயே வந்து நம் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். "எங்கேயாவது இறங்கித் தள்ளினாயா?" என்று கேட்டாள்.

"மூன்று வளைவில், அத்தை."

"தள்ளுபடி இல்லாமல் வாங்கியும் தள்ளும்படி ஆயிற்றே!" என்று நாம் ஒரு ஹாஸ்யம் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை. தங்கை எழுந்து போய் அந்தச் சைக்கிளின் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள்; விட்டாள்; மறுபடியும் பிடித்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, "அப்பாவுடைய சைக்கிள் இன்னும் ஓடுமா?" என்றாள்.

மறுநாள் காலை நாம் ஹெர்க்குலிஸைத் தள்ளிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் புதிதாகப் போடச் சொன்னோம். ஓட்டப் போகிறவரின் உயரம் என்ன, சீட்டை எவ்வளவு இறக்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். தங்கையின் உயரம் நமக்குத் தெரியவில்லை. போன் செய்து கேட்டோம்.

"ஐந்தடி இரண்டங்குலம்" என்றாள். "சீட்டு அவ்வளவு இறங்காவிட்டால் சொல்லுங்கள், அண்ணா, நானே வருகிறேன்."