ஒரு கண்ணை மூடி

ஜூலை 4
குடிகாடு ஸ்டாப்பில் நின்றேன். சிதம்பரம் பஸ்ஸின் போர்டு பனிக்குள் இருப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தது. ராத்திரி முழுக்க அழுகின முட்டை நாற்றம். காற்றுதான் காரணமென்று பைப்பில் கண்ணைக் கழுவிவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

ஜூலை 5
அப்படியே இருக்கிறது.

ஜூலை 7
டீக்கடைப் பெரியவர், "காத்துதான் தம்பி, இங்க யாருக்குக் கண்ணு எரியல?" என்றார். சும்மா சொல்லவில்லை. உப்பனாற்றை ஒட்டி 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து நாற்றத்தோடுதான் வாழ்கிறோம். 2004இல் ஊர்க்காரர்களே வாளியில் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அழுகின முட்டை போல நாறும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் கருவிழி புண்ணாகும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும்.
ஆனால் எனக்கு எரியவில்லை.

ஜூலை 8
மகள் சொன்னாள்: "ஒரு கண்ண மூடிப் பாருப்பா."
இடதை மூடினேன். காலண்டர் முருகன், தேதி, ராகுகாலம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. வலதை மூடினேன். ஒட்டடை போலக் கறுப்பு இழைகள் மிதந்தன. முருகன் கையில் வேலைக் காணோம்.
காற்று இரண்டு கண்ணிலும்தானே படும்? தூக்கம் வரவில்லை.

ஜூலை 9
புதுச்சேரி கண் ஆஸ்பத்திரி. "சாராயம் குடிச்சீங்களா?" என்று முதலில் கேட்டார்கள். கோபம் வந்தது. அப்புறம் 2024 கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகள் நினைவுக்கு வந்தன. அந்தச் சாராயத்தில் இருந்த மெத்தனால் பார்வை நரம்பையே கெடுத்துவிடும். இல்லை என்றேன்.
சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தார் டாக்டரம்மா. "வலியில்லாம ஒரு கண்ணு திடீர்னு மங்கினா காத்திருக்கவே கூடாது. விழித்திரை கழன்றிருக்கலாம், ரத்தக்குழாய் அடைச்சிருக்கலாம். உங்களுக்கு உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. சுகர் எத்தனை வருஷமா?"
எனக்குச் சுகர் இருப்பதே தெரியாது. 312 காட்டியது.

ஜூலை 10
வீட்டில் யாரும் பேசவில்லை.

ஜூலை 15
தலையணையை உயர்த்திப் படுக்கிறேன். ரத்தம் தானே வற்றுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று அடுத்த மாதம்தான் சொல்வார்களாம். மாத்திரை போடுகிறேன். ஒட்டடை அசைகிறது.

ஜூலை 20
மறுபடி நாற்றம். ஜன்னலைச் சாத்தினோம். மகள் கண்ணைக் கசக்கினாள். "எந்தக் கண்ணும்மா?" என்றேன். "ரெண்டும் எரியுதுப்பா." மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன். எழுத்து மங்கியது, அவளே எழுதினாள்.
நாற்றத்துக்கு மனு எழுதுவோம், விடக்கூடாது. ஆனால் எரிச்சலில்லாமல் ஒரு கண் மங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் ஐந்து நாள் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.