ஸ்டிக்கர் ஒட்டாதீங்க பாஸ்!

எனக்கு 'ஐ'. பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு 'சி'. எங்கள் ஆறு வார இன்டர்ன்ஷிப் இந்த ரெண்டு எழுத்துக்குள் மாட்டிக்கொண்டு பட்ட பாடு இருக்கே... சொல்றேன், கேளுங்க.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனி. மூணாம் வருஷம் முடித்த மெக்கானிக்கல் பார்ட்டிகள் நாங்க அஞ்சு பேர், மூணு வேற வேற காலேஜ். முதல் நாளே ஏ.சி. ஹாலில் உட்கார வைத்து ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். 'நீங்கள் எப்படிப்பட்டவர்?' டைப் கேள்விகள். டிக் அடித்து முடித்ததும் ரிசல்ட். அதிரடி ஆசாமி என்றால் 'டி', கலகல பார்ட்டி 'ஐ', நிதானமானவர் 'எஸ்', எதையும் அளந்து பார்த்துச் செய்பவர் 'சி'. நாலு கலரில் ஸ்டிக்கர். ஐ.டி. கார்டிலேயே ஒட்டிவிட்டார்கள்.

நமக்கு வாய் காதுவரை. 'ஐ' கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. டீம் லீடர் யார் என்று யாரும் சொல்லவே இல்லை, நானே ஆகிவிட்டேன்! 'சி' பெண் எதற்கும் வாய் திறக்க மாட்டாள். அவளுக்கு 'சைலன்ட் மோட்' என்று பேர் வைத்ததும் அடியேன்தான்.

எங்களுக்குக் கொடுத்த வேலை இதுதான். ஒரு அலுமினிய ஹவுசிங், அதில் 50 மில்லிமீட்டர் துளை. கூடுதல் குறைச்சலுக்கு அனுமதி வெறும் 25 மைக்ரான், அதாவது தலைமுடி தடிமனைவிடக் கம்மி. காலை ஷிஃப்ட்டில் எல்லாம் ஓகே. ரெண்டாவது ஷிஃப்ட்டில் மட்டும் 'துளை பெரிசு' என்று பீஸ் பீஸாகச் சிவப்பு டப்பாவில் விழுகிறது. ஏன்?

மூணாவது நாளே எனக்கு விடை கிடைத்துவிட்டது. "செகண்ட் ஷிஃப்ட் ஆபரேட்டருக்கு அக்கறை இல்லை. டிரெய்னிங் கொடுக்கணும்!" டீம் தலையாட்டியது. அப்போது சைலன்ட் மோட் மெதுவாக, "பீஸ் சூடா இருக்கு..." என்றாள். நான் விடுவேனா? "ஜூன் மாசம், ஸ்ரீபெரும்புதூர்... சூடா இல்லாம ஜில்லுனா இருக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்துவிட்டு நோட்டை மூடிவிட்டாள்.

நான் குறை சொன்ன ஆபரேட்டர் அண்ணன் கான்ட்ராக்டில் இருப்பவர். தினமும் நாலு மணி டீயில், "தம்பி, இந்தாங்க" என்று பாதி வடையைப் பிய்த்துக் கொடுப்பவர். அவரைப் பற்றித்தான் ஸ்லைடு போட்டேன், கொட்டை எழுத்தில்: 'மனிதத் தவறு'.

பிரசன்டேஷனுக்கு முதல் நாள் சூப்பர்வைசர் சார் எங்கள் டேபிளுக்கு வந்தார். ஸ்லைடைப் பார்த்தவர், அப்படியே அவளுடைய நோட்டைப் புரட்டினார். பதினொரு நாள் கணக்கு. வரிசை வரிசையாக நேரம், பீஸின் வெப்பநிலை, துளை அளவு. சுடுதண்ணீர் வாஷரிலிருந்து வரும் பீஸ்களைக் காலை ஷிஃப்ட்டில் ட்ரேயில் குவித்து வைத்து, ஆறிய பிறகு அளக்கிறார்கள். ரெண்டாவது ஷிஃப்ட்டில் லாரி கிளம்பும் அவசரம். சூடு ஆறுவதற்குள் அளந்துவிடுகிறார்கள். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். 50 மில்லிமீட்டர் துளையில் 20 டிகிரி சூடு கூடினால்? அதே 23 மைக்ரான்! அனுமதி மொத்தமும் சூட்டிலேயே காலி.

சிவப்பு டப்பாவில் இருந்த 40 பீஸை ஆறவைத்து மறுபடி அளந்தோம். 31 பாஸ்.

"ஏம்மா, இதை மீட்டிங்ல சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் சார். சிரிச்சாங்க."

பாஸ், அந்த நிமிஷம் எனக்கு வடை ஞாபகம்தான் வந்தது. ஒரு நாள் தாமதமாகியிருந்தால், ஒரு மனுஷனின் வேலைக்கு என் வாயாலேயே வேட்டு வைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஸ்டிக்கரின் பூர்வீகத்தைத் தேடினேன். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது இந்த நாலு வகை. 1941-ல் வந்த 'வொண்டர் வுமன்' காமிக்ஸை உருவாக்கியவரும் இவரேதான்! ஆனால், கேள்வித்தாள் போட்டு ஆளை வகை பிரித்தது அவர் இல்லை, பின்னால் வந்தவர்கள். இன்னொரு பிரபல டெஸ்ட்டான மையர்ஸ்-பிரிக்ஸ், ஆட்களை 16 வகையாகப் பிரிக்கிறது. ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். இன்றைய ஆய்வாளர்கள் அதிகம் நம்பும் 'பிக் ஃபைவ்' முறையில் டப்பாவே கிடையாது. எல்லாக் குணமும் எல்லோரிடமும் கூடக் குறைய இருக்கும். பெரும்பாலானவர்கள் நடுவில்தான் நிற்கிறோம்.

கூகுள் 2012-ல் தொடங்கி தன்னுடைய 180 டீம்களை ஆராய்ந்தது. டீமில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதுதான் முக்கியம் என்று தெரிந்ததாம். தப்பாகச் சொன்னாலும் யாரும் கிண்டலடிக்க மாட்டார்கள் என்ற தைரியம் இருக்கிற டீம்தான் ஜெயிக்கிறது. எங்கள் டீமில் அந்தத் தைரியத்தைக் காலி செய்தது யார்? ஹிஹி... கையைத் தூக்கிவிட்டேன்.

அதற்காக டெஸ்ட்டே வேஸ்ட் என்று சொல்ல வரவில்லை. 'சி' என்று தெரிந்ததும், "இவ கிட்ட நோட்டு இருக்கும், கேட்டுப் பார்க்கலாம்" என்று நான் யோசித்திருந்தால் அந்த ஸ்டிக்கருக்கு அர்த்தம் இருந்திருக்கும். நானோ, "இவ பேச மாட்டா" என்று ஃபைலை மூடிவிட்டேன்.

கடைசி மூணு வாரமும் சார் போட்ட ரூல்தான். மீட்டிங் தொடங்கியதும் அஞ்சு நிமிஷம் யாரும் பேசக் கூடாது, எல்லோரும் பேப்பரில் எழுத வேண்டும். பிறகு ஆளுக்கொரு முறை படிக்க வேண்டும். நான் கடைசி ஆள்! முதல் ரெண்டு நாள் நாக்கு நமநமத்தது. அப்புறம் பழகிவிட்டது.

பிரசன்டேஷனை அவளே செய்தாள். குரல் நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை. முடிந்ததும் போய், "ஸாரி" என்றேன். "பரவாயில்ல. அந்த அண்ணன்கிட்டயும் சொல்லிடு" என்றாள். சொன்னேன். அவருக்கு ஸ்லைடு விஷயமே தெரியாது. முழுதாகக் கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் எதுவும் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, டீ ஆறுது" என்றார்.

அன்றைக்கு வடை மட்டும் தரவில்லை!

அடுத்த செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு டீம் பிரிக்கும்போது, உங்கள் பேட்ச்சிலும் ஒரு 'சைலன்ட் மோட்' இருக்கும். பேர் வைப்பதற்கு முன்னால் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க, மக்கா!