சிப்பாய்கள் எங்கே போனார்கள்?

பெங்களூருவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் நடைக்கூடம். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி, தமக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று அறிந்ததும் மகளிடம் கேட்டார்: “உடம்புக்குள்ள சிப்பாய்ங்க இருக்காங்கன்னு சொல்லுவியேம்மா, அவங்கல்லாம் எங்க போனாங்க?”

அவர்கள் எங்கும் போகவில்லை, கட்டிக்குள்ளேயே இருக்கிறார்கள்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா இரைப்பையில் குடியேறினால் எதிர்ப்புச் செல்கள் திரள்கின்றன. ஆயினும் கிருமி எளிதில் அகல்வதில்லை. பல்லாண்டு நீளும் அழற்சி, சிலரிடம் மட்டும் புற்றுக்கு வழிகோலுகிறது. கட்டி உருவானபின், வந்த செல்களையே அது தன்வயப்படுத்துகிறது. மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்களுக்குக் காயம் ஆற்றும் இயல்பும் உண்டு. அவ்வியல்பாலேயே கட்டிக்குப் புதிய இரத்தக்குழாய்கள் அமைய உதவுகின்றன. ஒழுங்காற்று டி செல்கள், தாக்க வரும் டி செல்களை அடக்குகின்றன. பிடி-எல்1 என்னும் புரதம், தாக்கும் செல்லின் பிடி-1 ஏற்பியைப் பற்றி அதனைச் செயலற்றதாக்குகிறது.

பிடி-1ஐக் கண்டறிந்த தசுக்கு ஹோன்ஜோ 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அத்தடையை விலக்கும் நிவோலுமாப், முற்றிய இரைப்பைப் புற்றுக்குக் கீமோதெரபியுடன் தரப்படுகிறது. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. ஆகவே திசுத் துணுக்கில் பிடி-எல்1 அளவை முதலில் பார்க்கிறார்கள்.

‘சிப்பாய்’ என்னும் சொல்லுக்கு வெற்றி, தோல்வி இரண்டே தெரியும். தம் உடல் தம்மைக் கைவிட்டதாக அம்மனிதரை எண்ணவைத்ததும் அச்சொல்லே.

மகள் சற்று யோசித்துச் சொன்னாள்: “அங்கேயேதான் இருக்காங்கப்பா. கையைக் கட்டிப் போட்டிருக்கு. அவுக்க முடியுமான்னு பாக்குறாங்க.”