கொம்பு என் வீட்டில், வழக்கு அவர் பேரில்

போன வாரம் வரை என் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு மிளாக் கொம்பு தொங்கியது. ஒற்றைக் கொம்பு. மூன்று கிளை. கோவில்பட்டி வட்டாரத்தில் யார் வீட்டிலும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நானும் சொல்வேன். மாசி மாதம், புளியங்குடிக்கு மேற்கே, பரண் மேலிருந்து, ஒரே தோட்டா. 40 வருஷமாகச் சொன்னேன்.

அது பொய்.

கொம்பின் அடியைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுட்டு வெட்டிய கொம்பில் மண்டை எலும்பு ஒட்டியிருக்கும். இதில் இல்லை. அடியில் முண்டும் முடிச்சுமாக ஒரு வளையம்தான் இருக்கிறது. மிளா தானாக உதிர்த்துப் போட்ட கொம்பு இது. காட்டு ஆள் யாராவது வந்திருந்தால் பார்த்ததுமே சிரித்திருப்பார். கரிசலில் மிளா கிடையாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குருமலைப் புள்ளிமான், மிஞ்சிப் போனால் வல்லநாட்டு வெளிமான். அதனால் என் பொய் பிழைத்துக் கிடந்தது.

இப்போது ஏன் சொல்கிறேன்? என் மாப்பிள்ளை அமெரிக்காவில் டென்வரில் இருக்கிறார். அங்கே எல்க் என்று ஒரு பெரிய மான். நம் மிளாவை விடப் பெரியது. அதை வேட்டையாட அவர் முதல் தடவையாகப் போகிறார். ஒரு வருஷமாகத் தயார் ஆகிறார். வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினார். அனுமதிச் சீட்டுக்குக் குலுக்கலில் பேர் கொடுத்தார். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது ரோஸ் நிறச் சட்டை போடாமல் துப்பாக்கி வேட்டைக்குப் போகக் கூடாதாம். 500 சதுர அங்குலமாவது அந்த நிறம் உடம்பில் தெரிய வேண்டுமாம். எல்லாவற்றையும் போனில் சொல்லிக்கொண்டு வந்தவர், போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"அடிபட்ட மிருகத்தைத் தேடாம விட்டுட்டு வந்தா இங்க குற்றம் மாமா. கறியை வீணாக்கினாலும் குற்றம். உங்க மிளாக் கதையை ஃபிரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். ஒரு தடவை நீங்களே அவங்ககிட்ட வீடியோல பேசணும்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அது இன்னொரு பொய்.

முழுசாகச் சொல்கிறேன். நீங்கள்தான் நீதிபதி.

1984. எனக்கு வயது 27. அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பகலில் குச்சிக் கணக்கு, பெட்டிக் கணக்கு. ராத்திரி முயல் வேட்டை. கம்பும் சோளமும் அறுத்து முடித்த கரிசலில் மறைவு கிடையாது. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, பேட்டரிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். இரண்டு கன்னி நாய்கள் கூட வரும். முயல் கிளம்பினால் அவிழ்த்துவிடுவேன். பருத்திமார்க் கட்டைகளுக்கு நடுவே அவை ஓடுகிற ஓட்டம் கண்கொள்ளாது. திரும்பும்போது முயலைக் கம்பில் தொங்கவிட்டு ஊருக்குள் நடுத்தெருவில்தான் வருவேன். பிடித்தது நாய். பேர் எனக்கு. முயலுக்கும் சட்டம் உண்டு. 1972-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் அப்போது யாரும் பேசி நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் மச்சான் சொன்னார். "முயல் அடிக்கிறவன்லாம் வேட்டைக்காரன்னா, எலி பிடிக்கிறவன் யாரு?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன். மேற்கு மலைக்குப் போய் மிளா அடிப்பது.

அந்த மிருகத்துக்கு ஒரு பெருமை உண்டு. இலங்கையில் நுவரெலியா மலையில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் நாய்களை விட்டு மடக்கிக் கத்தியால் குத்தியே கடமான் வேட்டையாடியவர். 1850-களில் வந்த தன் புத்தகத்தில் அதை எல்க் என்றுதான் எழுதினார். கடமான், மிளா எல்லாம் ஒன்றுதான். எங்கள் பக்கம் மிளா. பேக்கரைப் பற்றியெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். தெரிந்ததும் அதையும் என் கதையில் சேர்த்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் தயாரானேன். வறுத்த கம்பு மாவு, கருப்பட்டி, கடலை மிட்டாய். கறியை உப்புக்கண்டம் போட உப்பு, மஞ்சள். நான்கு சாக்கு, தேங்காய் நார்க் கயிறு. பேட்டரிக்குப் புது சார்ஜ். எல்.ஜி. தோட்டா ஆறு. ஒற்றைக் குழல் துப்பாக்கி அப்பாவுடையது. காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது என்று வாங்கிய பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். கழற்றிக் கோரைப்பாயில் சுற்றினேன். அப்பாவிடம் கேட்கவில்லை. மிளா எப்படி நிற்கும், எங்கே சுட வேண்டும், இருட்டில் ஆண் எது பெண் எது, இதில் ஒன்றைக்கூட யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது வெளியே வந்துவிடுமே.

கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாகப் புளியங்குடி. சுமார் அறுபது கிலோமீட்டர். கரிசல்காரனுக்கு அது வேறு நாடு. போகப் போக மண் செவலாகும். அப்புறம் எலுமிச்சைத் தோட்டம். அதற்கு அங்கிட்டு எழுந்து நிற்கும் மலை.

அங்கே ஒரு தோட்டத்துக் காவல்காரரைப் பிடித்து வைத்திருந்தேன். ஐம்பது வயது இருக்கும். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷர். எலுமிச்சை வாங்கப் போன இடத்துப் பழக்கம். முதலில் முடியாது என்றுதான் சொன்னார். "அது சர்க்கார் காடு, தம்பி. நம்ம காடு இல்ல." நான் நூறு ரூபாயை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். அவர் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

ஓடையெல்லாம் வற்றி, ஒரு கசத்தில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதற்கு மேலே மரத்தில் பரண் கட்டியிருந்தார். ஏறும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கொம்பு தெரிஞ்சாச் சுடு. தோள்பட்டைக்குப் பின்னாடி. தெரியலைன்னா விட்டுரு. நாளைக்கும் ராத்திரி வரும்." சரி அண்ணாச்சி என்றேன்.

கரிசலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அந்த மலைச் சரிவில் ஒரு சருகு நொறுங்கினாலும் நாலு பக்கமிருந்தும் கேட்டது. தூரத்தில் யானை மூங்கில் ஒடித்தது. பயந்துபோனேன். மண்வெட்டியில் கல் பட்டது போல 'டாங்க்' என்று ஒரு சத்தம் வந்தது. மிளா எச்சரிக்கிறது என்று அண்ணாச்சி காதில் சொன்னார். அந்தச் சத்தத்துக்கே எனக்கு உடம்பு நடுங்கியது.

நடுச்சாமம் தாண்டி, கசத்தின் ஓரத்தில் ஏதோ நின்றது. லைட்டைப் போட்டேன். இரண்டு கண் பச்சையாகத் தெரிந்தது. கொம்பு தெரியவில்லை. இதை நான் திரும்பவும் சொல்ல வேண்டும். கொம்பு தெரியவில்லை. அண்ணாச்சி என் தோளில் கை வைத்து அழுத்தினார். வேண்டாம் என்று அர்த்தம். அதுவும் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் என் மனசில் மிளா இல்லை. பந்தியில் சிரித்த முகங்கள் இருந்தன. மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை கோத்துக்கொண்டே சுட்டேன்.

அடிபட்டது பெண் மிளா. வயிற்றில் பட்டது. ஒரு தரம் மண்டியிட்டு, எழுந்து, சரிவில் ஏறிப் போய்விட்டது. லைட் வெளிச்சத்தில் அதன் பின்னால் நின்றிருந்தது தெரிந்தது. குட்டி. ஆட்டுக்கிடாய்க்குச் சற்றுப் பெரிசு. அது ஓடவில்லை. லைட்டை அணைத்த பிறகும் கசத்தைச் சுற்றி அதன் குளம்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. "அடிபட்டதை விட்டுட்டுப் போகக் கூடாது தம்பி. வா" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் இறங்கவில்லை. "நான் இங்க காவல் இருக்கேன் அண்ணாச்சி" என்றேன். எதற்குக் காவல்? அவர் கேட்கவில்லை. டார்ச்சை மட்டும் வாங்கிக்கொண்டு ரத்தத் தடத்தைப் பார்த்து மேலே போனார்.

விடியும்போது மேலேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. ஒருவர் குரல் அல்ல. ராத்திரி வெடிச் சத்தம் கேட்டு வந்தவர்கள். அண்ணாச்சியின் குரல் தாழ்ந்து கேட்டது. நான் பரணிலிருந்து இறங்கினேன். துப்பாக்கியைக் கழற்றிப் பாயில் சுற்றினேன். கை நடுங்கியது, ஆனாலும் ஒரு சாமானையும் விடவில்லை. கயிற்றைக்கூடச் சுருட்டி எடுத்தேன். எலுமிச்சைத் தோட்டங்கள் வழியாக ரோட்டுக்கு வந்து, சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் எடுத்து மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்து வாங்கினேன். அது ஞாபகம் இருக்கிறது.

உயிரோடு கிடந்த மிளாவின் கழுத்தை அறுத்து அதன் வேதனையை முடித்தவர் அவர். அந்தக் கையோடு பிடிபட்டார். துப்பாக்கி எங்கே, யார் சுட்டது என்று கேட்டிருக்கிறார்கள். வெளியூர் ஆள், பேர் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். என் பேர் அவருக்குத் தெரியும். என் அப்பா பேர், தீப்பெட்டி ஆபீஸ் பேர் எல்லாம் தெரியும். 19 நாள் உள்ளே இருந்தார். பிறகு வழக்கு, வாய்தா, அபராதம். 14 வருஷம் பார்த்த காவல் வேலை போயிற்று. மகள் கல்யாணப் பேச்சு முறிந்தது. இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். எலுமிச்சை வியாபாரி ஒருவர் சொன்னார். அப்பாவின் லைசென்ஸ் போய்விடும், ஆபீஸில் வேலை பார்க்கிற 30 பேர் பிழைப்பு கெடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த 30 பேரைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

அடுத்த வருஷம் அவர் மனைவி ஆபீஸுக்கு வந்தார். கூடப் பத்து வயசுப் பையன். நான் உள்ளறையில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலாளி ஊரில் இல்லை என்று கணக்குப்பிள்ளையைச் சொல்லச் சொன்னேன். 200 ரூபாயும் கொடுத்துவிடச் சொன்னேன். மத்தியானம் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு அந்த அம்மா போனார்.

கொம்பை அதற்குப் பிறகு ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்தில் வாங்கினேன். 75 ரூபாய். மச்சான் தடவிப் பார்த்துவிட்டு, "பெரிய ஆளுதான்யா நீ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனையும்.

1991-ல் சட்டத்தைத் திருத்தி வேட்டையை அடியோடு நிறுத்தினார்கள். 2003-ல், கொம்பு, தோல் வைத்திருப்பவர்கள் தாங்களாகச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள 180 நாள் கெடு கொடுத்தார்கள். செய்தியைப் படித்தேன். பேப்பரை மடித்து வைத்தேன். பதியப் போனால் எங்கே கிடைத்தது என்று கேட்பார்களே. சுட்டேன் என்றால் வழக்கு. வாங்கினேன் என்றால் ஊரில் என் கதை போய்விடும். எனக்கு இரண்டாவதுதான் பெரிய பயமாக இருந்தது.

மாப்பிள்ளை போன் பண்ணியதற்கு மறுவாரம் புளியங்குடி போனேன். அண்ணாச்சி இறந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பையன் இப்போது ஐம்பதைத் தாண்டியவன். டீக்கடை வைத்திருக்கிறான். கோவில்பட்டி என்று சொன்னதும் முகம் மலர்ந்தான். "எங்க அப்பாவுக்கு அங்க ஒரு தீப்பெட்டி முதலாளி பழக்கம் அய்யா. கஷ்ட காலத்துல அம்மாவுக்கு எரநூறு ரூவா கொடுத்து விட்டாரு. அம்மா சாகுற வரைக்கும் சொல்லும்."

அண்ணாச்சி வீட்டில்கூடச் சொல்லவில்லை.

நான் டீயைக் குடித்தேன். அந்த முதலாளி நான்தான் என்று சொல்லவில்லை. சுட்டவனும் நான்தான் என்று சொல்லவில்லை. காசை நீட்டினேன். வயசானவர், வேண்டாம் என்றான். திரும்பி வந்துவிட்டேன். 68 வயசிலும் அந்தப் பரணை விட்டு நான் இறங்கியிருக்கவில்லை.

கொம்பைச் சுவரிலிருந்து கழற்றிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வன அலுவலகத்தில் ஒப்படைக்கப் போகிறேன். என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி. மாப்பிள்ளையிடம் இன்னும் பேசவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். இந்தப் பக்கங்கள் அச்சானதும் ஒரு பிரதி அந்த டீக்கடைக்குத் தபாலில் போகும். அவனுக்கு ஒரு வரி மட்டும் எழுதுகிறேன்: தம்பி, உன் அப்பா பேரில் எழுதிய வழக்கு என்னுடையது. சுட்டவன் நான்.