தண்டவாளத்து ஓரத்து மனிதர்கள்

மும்பையின் லோக்கல் வண்டியில் காலையில் ஏறி மாலையில் இறங்கும் வாழ்க்கையைப் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு, அந்த வண்டி வெறும் வாகனமாகத் தோன்றுவதில்லை. சர்ச்கேட்டிலிருந்து விரார் வரையில் செல்லும் மேற்குப் பாதையிலும், சத்ரபதி சிவாஜி நிலையத்திலிருந்து கிளம்பும் மத்தியப் பாதையிலும், துறைமுகப் பாதையிலுமாக, நான் சொல்லப் புகும் 2006ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 60 லட்சம் பேருக்கு மேல் பிரயாணம் செய்துகொண்டிருந்தார்கள். சுமார் 1,700 பேருக்கென்று வகுக்கப்பட்ட ஒன்பது பெட்டி வண்டியில் மாலை வேளைகளில் 4,000 பேருக்கு மேல் நின்றும் தொங்கியும் செல்வது அன்று சர்வ சாதாரணம். அந்த நெரிசலுக்கும் ஒரு தர்மம் உண்டு. மூவர் அமரும் பலகையில் நான்காமவர் வந்து நின்றால் மூவரும் நகர்ந்துகொள்வார்கள். தாதரிலிருந்து உட்கார்ந்து வந்தவர் அந்தேரி வந்ததும் எழுந்து, நின்றவரை உட்காரச் சொல்வார். ஓடிவந்து ஏறுகிற அந்நியனின் கையை வாசலில் நிற்பவர் பற்றித் தூக்கிக்கொள்வார். பெயரே தெரியாமல் இருபது ஆண்டுகள் சிநேகமாக இருந்தவர்கள், ஒரே பெட்டியில் ஒரே மூலையில் தாளம் தட்டிப் பஜனை பாடிக்கொண்டு வீடு திரும்பியவர்கள், அங்கே எத்தனையோ பேர்.

அந்தத் தர்மத்தை நம்பி ஏறியவர்களைத்தான் 2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை மாலையில் கொன்றார்கள். சர்ச்கேட்டிலிருந்து வடக்கு நோக்கிச் சென்ற வண்டிகளின் முதல் வகுப்புப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்த குண்டுகள், மாலை 6.24 மணிக்குத் தொடங்கிப் பதினொரு நிமிஷங்களுக்குள் மாதுங்கா ரோடு, மாஹிம், பாந்த்ரா, கார், ஜோகேஸ்வரி, போரிவலி, மீரா ரோடு ஆகிய நிலையங்களின் சமீபத்தில் ஏழு இடங்களில் வெடித்தன. இரும்புப் பெட்டிகளின் பக்கங்கள் காகிதம்போல் கிழிந்து விரிந்தன. 180 பேருக்கு மேல் மாண்டனர். 700 பேருக்கு மேல் காயமுற்றனர். செவிப்பறை கிழிந்து காலம் முழுவதும் கேள்வி குறைந்துபோனவர்கள் அநேகர். ஒன்பது ஆண்டுகள் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து, 2015ஆம் ஆண்டு ஜூலையில் உயிர் நீத்த ஒருவரையும் அந்தக் கணக்கிலேயே நான் சேர்க்கிறேன்.

அப்பொழுது நாங்கள் மாதுங்காவில் குடியிருந்தோம். மூன்று தலைமுறைகளுக்கு மேலாகத் தமிழர்கள் கோயிலும் பள்ளியும் பூக்கடையும் வைத்துக் குடிகொண்ட பேட்டை அது. மத்தியப் பாதையின் மாதுங்கா நிலையத்தையும் மேற்குப் பாதையின் மாதுங்கா ரோடு நிலையத்தையும் இணைக்கும் நீண்ட நடைபாலத்தைக் கடந்து, எங்கள் தெருவிலிருந்து பாதிப்பேர் இந்தப் பக்கமும் பாதிப்பேர் அந்தப் பக்கமுமாக வேலைக்குப் போய்வருவார்கள். அது மழைக்காலம், எழுந்த சத்தத்தை இடியென்றே எண்ணினோம். சற்று நேரத்தில் தொலைக்காட்சி விஷயத்தைச் சொல்லிற்று. அதற்குள் கைபேசிகள் எல்லாம் ஊமையாகிவிட்டன. மாடிப்படிகளில் பெண்கள் கூடிநின்று, இன்னார் எந்தப் பாதையில் வருவார், எந்த வண்டி பிடிப்பார் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கட்டிடத்தின் ஒவ்வொருவரும் நடந்தும் நனைந்தும் வந்து சேரச் சேர, அந்தப் படிக்கட்டில் ஒரு வீட்டாரின் ஆறுதல் அனைத்து வீட்டாருக்கும் ஆறுதலாக இருந்தது. கீழ்த்தளத்துக் குஜராத்திப் பாட்டி ஒருவர், வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்துக்கொண்டே, வராதவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர்கள் அவர்களல்லர். குண்டு வெடித்த வண்டிகள் பெரும்பாலும் நிலையங்களுக்கு நடுவே, ஆம்புலன்ஸ் நெருங்க முடியாத இடங்களில் நின்றுவிட்டன. ஒரு புறம் சுவர், மறுபுறம் சாக்கடை, மேலே மின்கம்பி, கீழே சரளைக்கல். அங்கே முதலில் வந்து சேர்ந்தவர்கள் போலீஸாரோ தீயணைப்புப் படையினரோ அல்லர். தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளிலே வசித்தவர்கள். எந்த நகராட்சியின் வரைபடத்திலும் ஒழுங்காக இடம்பெறாத, எப்பொழுது இடிக்கப்படுமோ என்று தெரியாத வீடுகளிலிருந்து அவர்கள் ஓடிவந்தார்கள். தூக்குப்படுக்கை இல்லையென்பதைக் கண்டதும் வீட்டுக்கு ஓடிப் படுக்கைவிரிப்புகளையும் போர்வைகளையும் புடவைகளையும் கொண்டுவந்து, அவற்றின் நான்கு மூலைகளையும் நால்வர் பற்றிக்கொண்டு, முன்பின் அறியாத மனிதர்களைச் சாலை வரையில் சுமந்து சென்று, ஆட்டோக்களிலும் டாக்ஸிகளிலும் சரக்கு வண்டிகளிலும் ஏற்றி அனுப்பினார்கள். முதல் வகுப்பில் பிரயாணம் செய்தவர்களைச் சுமந்தவர்களிலே, அந்த வகுப்பில் ஒருநாளும் கால் வைத்திராதவர்களே மிகுதி.

காயம்பட்டவரைத் தொட்டால் போலீஸும் சாட்சியும் கோர்ட்டுமாக அலைய நேரும் என்ற பயம் நம் ஜனங்களிடையே வெகுகாலமாகக் குடிகொண்டது. சாலை விபத்தில் உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யலாகாது என்ற விதிகளுக்கு உச்ச நீதிமன்றம் வலு அளித்ததே 2016ஆம் ஆண்டில்தான். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னால், இன்னொரு குண்டு வெடிக்குமோ என்ற சந்தேகமும் நீங்காத அந்தப் பொழுதில், மழையிலும் இருளிலும் பெட்டிக்குள் கைவிட்டு மனிதர்களை வெளியே எடுத்தவர்களுக்கு எந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் இருக்கவில்லை. வேலை முடிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் எங்கும் கிடையாது.

இரவு எட்டு மணிக்கு மேல் நாங்கள் சிலர், இரத்தம் கொடுக்கலாமென்று சயான் மருத்துவமனைக்குப் போனோம். லோகமான்ய திலகர் பெயர் தாங்கிய அந்தப் பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரி தாராவியை அடுத்து இருப்பது. மாஹிம், மாதுங்காப் பகுதிகளிலிருந்து அடிபட்டவர்களை அங்கேயும் கொண்டுவந்திருந்தார்கள். இரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. போதுமான அளவு கிடைத்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியும் எவரும் நகரவில்லை. சுவரில் கையெழுத்துப் பட்டியல்களை ஒட்டியிருந்தார்கள். பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர். தெரியாதவர்களுக்குச் சட்டையின் நிறம், கைக்கடிகாரம், உத்தேச வயது. எல்லாம் தேவநாகரியில் இருந்தபடியால், மருமகனைத் தேடி வந்திருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் அதைப் படிக்கத் தெரியாமல் திகைத்து நின்றார். பக்கத்தில் நின்ற மராட்டிய இளைஞன் ஒருவன், தானும் யாரையோ தேடி வந்தவன்தான், அந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரையில் உரக்க வாசித்தான். புதிதாக ஆட்கள் வரவர மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். பெரியவர் தேடிய பெயர் அதில் இல்லை. "வேறே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாம், மாமா" என்று எங்களில் ஒருவர் அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

குண்டு வைக்கிறவன் செத்தவர்களை மட்டும் குறிவைப்பதில்லை. பிழைத்தவர்களைத் தங்களுக்குள் மோதவிடுவதே அவனுடைய பிரதான நோக்கம். அந்த நோக்கம் இந்நகரத்திலே ஒரு காலத்தில் நிறைவேறியும் இருக்கிறது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் சுமார் 900 பேர் மடிந்ததையும், அதைத் தொடர்ந்து 1993 மார்ச் 12 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 257 பேர் மாண்டதையும் மறந்துவிட்டு எவரும் மும்பையைப் புகழ்ந்துவிட முடியாது. பக்கத்துத் தெருவைக் கண்டு நடுங்கிய இரவுகளை எங்கள் பேட்டையும் அறியும். ஆகையால் 2006 ஜூலையில் கலவரம் எதுவும் மூளவில்லை என்பதை நான் இந்நகரம் சாதித்தவற்றுள் தலையாயதாகக் கருதுகிறேன். மாஹிமிலும் பாந்த்ராவிலும் தண்டவாளத்தருகே போர்வையின் ஒரு மூலையை இந்துவும் மற்றொரு மூலையை முஸ்லிமும் பிடித்திருந்தார்கள். உள்ளே கிடந்தவர் யார் என்று இருவரும் கேட்கவில்லை.

மறுநாள் அதிகாலைக்குள் மேற்குப் பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. பங்குச்சந்தையின் குறியீட்டெண் விழவில்லை, ஏறியே முடிந்தது. மும்பையின் ஆன்மசக்தியை யாராலும் அழிக்க முடியாது என்று பத்திரிகைகளும் பிரமுகர்களும் ஒரே குரலில் வாழ்த்தினார்கள். அதற்கு முந்திய ஆண்டு ஜூலை 26 அன்று, சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் மூழ்கியபொழுதும் இதே வாழ்த்தைக் கேட்டோம். 2008 நவம்பரில் பயங்கரவாதிகளின் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்ட பிறகும், 2011 ஜூலையில் தாதரிலும் ஜவேரி பஜாரிலும் ஆபெரா ஹவுஸிலும் குண்டுகள் வெடித்த பிறகும் கேட்டோம். இந்த வாழ்த்தைச் சொன்னவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும், ஜூலை 12 காலையில் மாதுங்கா ரோடில் வண்டிக்காகக் காத்து நின்றவர்களின் முகத்தைப் பார்த்தவன் என்ற முறையில், அவர்கள் வீரத்தால் மட்டும் அங்கே நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் சம்பளம் பிடிக்கப்படுகிறவர்கள், அன்றாடம் விற்றால்தான் அடுப்பு எரியும் நிலையிலுள்ளவர்கள், வேறு வாகனத்துக்குக் கதியற்றவர்கள் அவர்கள். பயத்தை அடக்கிக்கொண்டு ஏறினார்கள். ஏறியதும் பலகையின் அடியிலும் மேல்தட்டிலும் கண்ணை ஓட்டினார்கள். அவர்களுடைய சகிப்புத்தன்மையைக் கொண்டாடுவதிலேயே திருப்தியடைந்துவிட்டால், அவர்களைக் காக்க வேண்டியவர்களின் கடமை மறக்கப்பட்டுவிடும். இதே பாதைகளில் வண்டியிலிருந்து விழுந்தும் தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டும் அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் 3,000 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். நிலையங்களில் அவசர சிகிச்சைக்கு வசதி செய்ய வேண்டுமென்று கேட்பதற்கும் பொதுநல வழக்கு தேவைப்பட்டது.

குண்டுவெடிப்பு நடந்த ஏழாம் நாள் மாலையில், அதே நேரத்துக்கு, நகரமெங்கும் சங்கு ஒலித்தது. அப்பொழுது குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் அவர்களும் நகரத்தோடு சேர்ந்து இரண்டு நிமிஷம் மௌனம் அனுஷ்டித்தார்கள். வண்டிகள் நின்றன, சாலையில் போனவர்கள் அப்படியே நின்றார்கள், மாஹிம் நிலையத்தில் மெழுகுவத்திகள் ஏற்றினார்கள். அன்று எங்கள் தெருவில் நின்ற ஒவ்வொருவரும் ஒரே ஒரு விஷயத்தை நிச்சயமாக எதிர்பார்த்தோம்: இதைச் செய்தவர்கள் யாரென்று என்றாவது ஒருநாள் நமக்குத் தெரியும்.

ஒன்பது ஆண்டுகள் சென்றபின், 2015 செப்டம்பரில், தனி நீதிமன்றம் பன்னிருவரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து, ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. அதற்கும் ஏறக்குறைய பத்தாண்டுகள் கழித்து, 2025 ஜூலை 21 அன்று, பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தப் பன்னிருவரையும் விடுதலை செய்தது. அரசுத் தரப்பு வழக்கை நிரூபிக்க முற்றிலும் தவறிவிட்டது என்றும், சாட்சிகளின் அடையாளங்காட்டலும் வாக்குமூலங்களும் நம்பத்தக்கவையல்ல என்றும் நீதிபதிகள் கூறினார்கள். பன்னிருவரில் ஒருவர் அந்தத் தீர்ப்பைக் கேட்கவில்லை. நாகபுரிச் சிறையில் கைதியாகவே 2021இல் கொரோனா நோயால் இறந்துபோயிருந்தார். மகாராஷ்டிர அரசு மேல்முறையீடு செய்தது. மூன்று நாட்களில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்று தடைவிதித்ததே தவிர, வெளிவந்தவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை.

சாவு விழுந்த வீடுகளில் அன்று எழுந்த கோபம் நியாயமானது. மகனையோ கணவனையோ பறிகொடுத்து, பத்தொன்பது ஆண்டுகளாக நீதிமன்றச் செய்திகளைப் படித்துவந்தவர்களிடம், யாரும் தண்டிக்கப்படவில்லை என்று சொன்னால் அவர்கள் எதைப் பற்றிக்கொண்டு அமைதியடைவார்கள்? வெளியே வந்தவர்களின் துக்கமும் நியாயமானதே. நிரூபிக்கப்படாத குற்றத்துக்காக வாலிபத்தைச் சிறையில் கழித்துவிட்டு, நரைத்த தலையோடு வீடு திரும்புகிறவனுடைய குழந்தைகள் அவனில்லாமலே வளர்ந்துவிட்டார்கள். இவ்விரண்டு துக்கங்களையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திப் பேசுவோரைக் காணும்பொழுது என் மனம் மிகவும் வேதனைப்படுகிறது. விசாரணை நேர்மையாகவும் திறமையாகவும் நடந்திருந்தால் இரண்டில் எதுவுமே நேர்ந்திராது. அவசரமாக யாரையேனும் பிடித்துக் காட்டுவது ஜனங்களின் கோபத்தைத் தணிக்கலாம். உண்மையான குற்றவாளி அந்த அவசரத்தின் மறைவிலே தப்பிப்போகிறான்.

மாஹிம் நிலையத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 மாலையில், இறந்தவர்களின் உறவினர்கள் வந்து மலர் வைக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்த பெற்றோர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. இந்நகரத்தில் வசிக்கும் நண்பர்களை, முக்கியமாக அந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்து இன்று கல்லூரிக்கு லோக்கலில் போய்வரும் பிள்ளைகளை, நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அன்று அவ்வழியாக வந்தால் ஒரு வண்டியை விட்டுவிட்டு மாஹிமில் இறங்கி, அந்த உறவினர்களோடு பேசுங்கள், தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் குடிசைகளில் அன்று போர்வை கொண்டுவந்தவர்கள் யாரேனும் இன்னும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், அவர்கள் பெயரை எழுதி வையுங்கள், குண்டு வைத்தவர் யார் என்ற கேள்வியை, விடை கிடைக்கும் வரையில், அரசாங்கத்தைப் பார்த்து ஆண்டுதோறும் கேளுங்கள்.