தீர்த்தமலை யாத்திரை

மலை ஏறுதல் உடலுக்கு உரமும் உள்ளத்துக்குக் கிளர்ச்சியும் தருவதென்பது யாவரும் ஒப்பியதொன்று. மனைவி மக்களோடும் முதியோரோடும் காடும் மலையுஞ் சூழ்ந்த பழைய நாட்டுப்புறங்களில் நடந்து மகிழும் வழக்கம் இந்நாளில் நகரத்தாரிடையே பெருகி வருகின்றது. தமிழ்நாட்டார்க்கு இது புதிய வழக்கமன்று. திருவண்ணாமலையை வலம் வருதலும், திருக்கழுக்குன்றம், பழனி, சதுரகிரி முதலிய மலைகளை ஏறித் தொழுதலும் யாத்திரை என்னும் பெயரால் வழிவழி நடந்து வருவனவேயாம். ஆயினும் இரண்டற்கும் வேற்றுமை ஒன்றுண்டு. பொழுதுபோக்காக ஏறுவோன் உச்சியை எத்துணை விரைவில் அடைந்தோம் என்று எண்ணுவான். யாத்திரை செல்வோனோ உடன்வந்தார் அனைவரும் வந்து சேர்ந்தனரா என்று திரும்பிப் பார்க்கக் கடவன். இவ்வுண்மையை ஒரு தலமே தன் தீர்த்த முறையால் உணர்த்தி நிற்கின்றது. அது தீர்த்தமலை.

சோலார்ப்பேட்டையினின்று சேலம் செல்லும் இருப்புப்பாதையில் திருப்பத்தூரைக் கடந்து தென்மேற்கே வருவார்க்குச் சாமல்பட்டி என்னும் நிலையம் எதிர்ப்படும். கிருட்டினகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வட்டத்தைச் சார்ந்தது அவ்வூர். வடகிழக்கே சவ்வாது மலையும் தெற்கே சித்தேரி மலையும் தொலைவில் நிற்க, இடையில் மானாவாரிக் கொல்லைகளும் புளியமரச் சாலைகளும் கரடுகளுமாய் விளங்குவது அந்நிலம். நிலத்தின் ஆழத்தே உருகிய குழம்பாயிருந்து மேலெழுந்து இறுகிய அரிய சுண்ணப்பாறைகள் சாமல்பட்டிப் பக்கத்தில் உள்ளன என்று நிலநூலார் ஆராய்ந்துள்ளனர். ஊத்தங்கரை, அரூர், செங்கம் ஆகிய பகுதிகளெங்கும் பல்லவர் காலந்தொட்டு நிரை மீட்டு மாய்ந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் காணப்படுகின்றன. பருகூர்ப் பக்கத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்து கண்ட இரும்பின் பழமை கி.மு. 2172 அளவிற்குச் செல்லுமென்று 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இங்ஙனம் பழமை சான்ற நாடு அது.

இந்நாட்டைப் பண்டு தகடூரிலிருந்து ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. மலைப்பிளவிற் பழுத்த கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைப் பெற்ற அவன், தான் உண்ணாது, அதன் பெருமையையும் கூறாது, ஔவையார்க்கு அளித்த செய்தியைத் தமிழறிந்தார் அனைவரும் அறிவர். மலையில் அரிதிற் பெற்றதைத் தாழ இருப்பார்க்குக் கொணர்ந்து கொடுத்தல் இந்நாட்டின் பழைய அறமெனல் தகும்.

சாமல்பட்டியினின்று ஊத்தங்கரை வழியாகத் தெற்கே சென்றால் தென்பெண்ணையாற்றின் கரையில் அனுமதீர்த்தம் உள்ளது. அதனையும் கடந்து அப்பாற் சென்றால் அரூர் வட்டத்துத் தீர்த்தமலை தோன்றும். அரூரிலிருந்து வருவார்க்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர். 2004-ஆம் ஆண்டிற் கிருட்டினகிரி தனி மாவட்டமான பின்னர் ஊத்தங்கரை ஒரு மாவட்டமும் அரூர் ஒரு மாவட்டமுமாய்ப் பிரிந்தன. ஆயினும் யாத்திரை இரண்டனையும் ஒன்றாகவே கொண்டுள்ளது. மலைமேல் எழுந்தருளிய இறைவர் தீர்த்தகிரீசுவரர், இறைவியார் வடிவாம்பிகையார். அடிவாரத்திலும் ஒரு கோயிலுண்டு. அருணகிரிநாதர் இத்தலத்து முருகப்பெருமானைத் திருப்புகழிற் பாடியுள்ளார். மலைமேல் இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்னும் பெயரால் வழங்கும் தீர்த்தங்கள் உள. அவற்றுள் பாறையினின்று வீழும் இராமதீர்த்தம் தலைமை சான்றது.

அதன் வரலாறு வருமாறு: இலங்கைப் போர் முடித்து மீண்ட இராமபிரான் சிவபூசை செய்ய விரும்பிக் கங்கைநீர் கொணருமாறு அனுமனை ஏவினார். அனுமன் வரப் பிந்தினான். பூசைக்குரிய காலம் கழிதலைக் கண்ட இராமபிரான் பாறையில் அம்பு எய்ய, ஆண்டு நீர் பெருகிற்று. அந்நீரால் பூசை முடிந்தது. கங்கைநீரோடு வந்த அனுமன் தன் உழைப்பு வீணானதை எண்ணி வருந்தி நீர்க்கலத்தை எறிந்தான். அது பெண்ணைக் கரையில் வீழ்ந்த இடமே அனுமதீர்த்தம். அவன் மனத்துயர் கண்ட இராமபிரான், இம்மலைக்கு வருவோர் முதற்கண் அனுமதீர்த்தத்தில் ஆடி அதன்பின்னரே இராமதீர்த்தத்தில் ஆடுக என்று விதித்தருளினார். அம்முறையே இன்றும் போற்றப்படுகின்றது. பூசைக்கு உதவிய நீர் இரண்டாவதாகவும், உதவாது பிந்திய நீர் முதலாவதாகவும் வைக்கப்பெற்றமை கருதத்தக்கது.

தைத்திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமல்பட்டியைச் சார்ந்த சைவக் குடும்பம் ஒன்று இவ்யாத்திரையை மேற்கொண்டது. எழுபதாண்டு கடந்த அம்மையார் ஒருவர், அவர் மகன், மருமகள், பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பிள்ளை ஆகிய ஐவர். மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை செய்பவர். மணியடித்தால் வேலை, மணியடித்தால் உணவு என்று பதினைந்தாண்டு பழகியவர். அன்றிரவே அவர் வேலைக்குத் திரும்பவேண்டியிருந்தது. அம்மையாரோ தம் கணவரோடு இளமையில் அம்மலை ஏறியவர். கணவர் மறைந்தபின் மீண்டும் ஒருமுறை இராமதீர்த்தம் ஆடவேண்டும் என்பது அவர் பலகால விருப்பம். முழங்கால் நோவு ஆண்டுதோறும் மிகுதலின் இனித் தள்ளிப்போடலாகாது என்று அவ்வாண்டு கேட்டே விட்டார்.

விடியற்காலையில் அனுமதீர்த்தத்தில் நீராடினர். ஓசூரையும் கிருட்டினகிரியையும் கடந்து அவ்விடத்துக்கு வருகின்ற ஆறு அது. மகன் நாள்தோறும் பாலத்தின்மேற் கடந்து செல்லும் அவ்வாற்றிலேயே தாயார் அன்று முழுகி எழுந்தார். கரையில் ஈரத்தலை துவட்டிக்கொண்டே அனுமன் பிந்திய கதையைப் பேரப்பிள்ளைக்குக் கூறினார். பின்னர் நீறணிந்து, அடிவாரக் கோயிலில் வழிபட்டு, எட்டு மணியளவிற் படியேறத் தொடங்கினர்.

ஏறத் தொடங்கிய சிறிது பொழுதிற்குள் குடும்பம் சிதறிப் போயிற்று. சிறுவன் முன்னே ஓடினான். அவனைப் பிடிக்கும் பொருட்டும் இயல்பான விரைவினாலும் தந்தையார் அவன்பின் சென்றார். மருமகளார் முன்னும் பின்னும் நோக்கி நடுவே நின்றார். அம்மையார் பத்துப்படி ஏறுவதும் அமர்வதுமாக வந்தார். பெண்குழந்தை மட்டும் பாட்டியின் பக்கத்தை விட்டு அகலவில்லை. இதற்கிடையே குரங்குகள் வாழைப்பழப் பையைப் பறித்துச் சென்றன. வெயிலும் ஏறிற்று. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; கீழிறங்கி வந்தார்.

“அம்மா, நீங்கள் அடிவாரத்திலேயே இருந்திருக்கலாம். உங்களால் எல்லார்க்கும் தாமதமாகிறது” என்றார்.

அம்மையார் முகம் வாடவில்லை. “நீங்கள் போய் வாருங்கள், தம்பி. எனக்கு இந்த மர நிழல் போதும்” என்றார்.

மருமகளார், “நான் அத்தையோடு இருக்கிறேன்” என்றார். மகன் சிறுவனை அழைத்துக்கொண்டு மேலே சென்றார். அவர் எண்ணியதற்கும் முன்னரே உச்சிக் கோயிலை அடைந்துவிட்டனர். பாறைமேலிருந்து இராமதீர்த்தம் மெல்லிய தாரையாய் வீழ்ந்துகொண்டிருந்தது. சிறுவன் தலையை நீட்டப் போனவன் திடீரென நின்று, “அப்பா, அனுமார் பிந்தி வந்ததற்கு இராமர் கோபித்துக்கொண்டாரா?” என்று கேட்டான்.

“இல்லை. அவருடைய தீர்த்தத்தில்தான் முதலில் குளிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்” என்றார் தந்தையார். சொல்லி முடித்ததும் அவருக்கு வேறு சொல் எழவில்லை. தாம் கூறிய விடை தமக்கே கூறப்பட்டதாயிற்று.

அவர் தம் தலையை நனைத்துக்கொள்ளவில்லை. கொண்டுவந்த செம்பில் தீர்த்தத்தை ஏந்தினார். சந்நிதியில் தொழுது, சிறுவன் கையைப் பற்றிக்கொண்டு, நீர் தளும்பாதபடி ஒவ்வொரு படியாய் இறங்கலானார். ஏறுகையில் இருந்த விரைவு இறங்குகையில் இல்லை. தாயாரை விட்ட மரநிழல் இன்னுந் தொலைவில் இருக்கையிலேயே அவரைக் கண்டார். அம்மையார் அங்கு அமர்ந்திருக்கவில்லை. ஒருபுறம் மருமகள், மறுபுறம் பேத்தி தாங்க, ஏறக்குறைய நாற்பது படி ஏறி வந்திருந்தார்.

செம்பைக் கண்டதும் அம்மையார் கைகூப்பினார். உச்சியை நோக்கி நின்று, தீர்த்தத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டார். பாதி செம்பு நீர் எஞ்சியது. “நீ ஆடினாயா, தம்பி?” என்று வினவினார். அவர் தலையசைக்கவே, அந்நீரைத் தம் கையால் மகன் தலையில் ஊற்றினார். “மெல்ல ஏறுவோம், அம்மா, பேருந்து போனாற் போகட்டும்” என்றார் மகன். “வேண்டாம், அப்பா. இனி இறங்கவும் கால் வேண்டுமே. அவர் இங்கேயே வந்துவிட்டார்” என்றார் அம்மையார். அவ்விடத்திலேயே ஐவரும் நெடுநேரம் அமர்ந்திருந்தனர். இறங்கும்போது மகன் ஒருபடி கீழே முன்னடக்க, தாயார் அவர் தோளிற் கைவைத்து இறங்கினார். பிற்பகற் பேருந்து தவறிப்போயிற்று.

சைவ சித்தாந்தம் கூறும் சத்திநிபாதம் என்னும் சொல்லை ஈண்டு நினைத்தல் தகும். திருவருட்சத்தி உயிரின்மேற் பதிதலே சத்திநிபாதம். நிபாதம் என்பதன் பொருள் வீழ்தல் என்பது. மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகையாக அதனை ஆன்றோர் வகுத்தனர். மெதுவும் விரைவும் குறித்த பெயர்களே இவை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நெறிகளுள் நிற்பார் நிலைக்கேற்ப இவை அமைவன. மந்ததரத்தினர்க்கு அருள் இல்லை என்று எந்நூலும் விலக்கவில்லை. நால்வர்க்கும் அருள் உண்டு. பதியும் அளவே வேறு. அன்றியும் இவ்வேற்றுமை உயிரின் பக்குவம் பற்றியதேயன்றிக் காலின் வேகம் பற்றியதன்று. அம்மலையில் விரைந்தேறியவர் தீவிரரும் அமர்ந்தமர்ந்து ஏறியவர் மந்தருமாகத் தோன்றினர். உண்மையில் நாற்பது படியை அன்பினாலே ஏறிய அவ்வம்மையாருடைய நிலை எது என்று காலடியை எண்ணிக் கூறவல்லார் யார்?

ஏறமாட்டாதவரை நோக்கி இறங்கிவருதலே அருளின் இயல்பு. பிறவாயாக்கைப் பெரியோனாகிய சிவபெருமான் குருவடிவாய் எழுந்தருளி உயிர்களை ஆட்கொள்வதும் இவ்வியல்பு பற்றியே. உச்சியிலிருந்து செம்புநீரோடு இறங்கிவந்த மகனார் அன்று அவ்வருளின் ஏவலாளராயினார். பண்டு பிந்தி வந்த நீர் பயன்படாமற் போயிற்றென்று எறியப்பட்டது. அன்று பிந்தி வந்த நீரோ இருகையாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

குடும்பத்தோடு இம்மலைக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் கருதவேண்டுவன சில உள. மாசித் திருவிழாவிலும் ஆடிப்பெருக்கிலும் கூட்டம் மிகும். முதியோரும் சிறுவரும் உள்ளார் ஏனைய நாட்களைத் தேர்தல் நன்று. வெயில் ஏறுமுன் படி ஏறத் தொடங்குக. குடிநீர் உடன்கொள்க. குரங்குகளுக்குத் தின்பண்டம் காட்டாதொழிக. தீர்த்தங்களில் எண்ணெய், சோப்பு, பழந்துணி, பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை இடுதல் பெரும்பிழை. தீர்த்தத்தை மாசுபடுத்தியவன் ஆடிய தீர்த்தத்தாற் பயன்பெறான். எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று: நடக்கமாட்டாதவரை முன்னே விட்டு, வலியவர் பின்னே செல்க. அப்பொழுது யாரும் பிந்தியவராகார்.

அவ்வாண்டு கடந்து ஆடித்திங்களில் அக்குடும்பம் மீண்டும் அனுமதீர்த்தம் வந்தது. அம்மையாரால் அப்பொழுது படியேற இயலவில்லை. அடிவாரக் கோயிலில் அவர் அமர்ந்திருக்க, பேத்தி செம்பை எடுத்துக்கொண்டு தந்தையோடு மலைமேற் சென்றாள். சிறுவன் அன்று ஓடவில்லை. பாட்டியின் பக்கத்தில் இருந்து நீர் வரும் வழியை நோக்கிக்கொண்டிருந்தான்.

திருச்சிற்றம்பலம்.